பிலாட்டிஸ் உடற்பயிற்சி: நிலையான சரக்கா, சீசன் சரக்கா?



சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர் என்னிடம், "அண்ணாச்சி, என் மருமகள் பிலாட்டிஸ் என்று ஏதோ ஒரு உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மாதக் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இதில் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை நாலு நாள் கூத்தா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் அலைந்தவன். அப்போது தெரிந்துகொண்டதை எழுதித் தரும்படி இதழாசிரியர் பணித்ததால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நேராகப் பருப்பு மண்டிக்கு வந்து உட்கார்ந்தவன். ஆனால் புதுச் சரக்கு ஒன்று சந்தைக்கு வந்தால் எப்படி விசாரிக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எங்கே விளைந்தது, யார் அனுப்பியது, வாங்கிய ஊர்களில் என்ன பேச்சு, மாதிரியில் இருப்பதுதான் மூட்டையிலும் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதே முறையில் பிலாட்டிஸையும் பார்ப்போம்.

என் முதுகில் வந்த வினை

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மண்டியில் துவரம்பருப்பு லோடு இறங்கிக் கொண்டிருந்தது. அட்டியில் இருந்து சரிந்து விழுந்த 25 கிலோ பை ஒன்றை, ஆள் வரட்டும் என்று பொறுக்காமல், நானே குனிந்து இழுத்தேன். இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி. அப்படியே உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். வருடத்திலேயே வியாபாரம் அதிகமான மூன்று வாரமும் நான் வீட்டில் கட்டிலில் கிடந்தேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், இடுப்பெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருக்கிறது, இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், பிசியோதெரபி செய்யுங்கள் என்றார். அங்கே பயிற்சி கொடுத்த பெண் வயதில் என் மகளைவிடச் சிறியவர். இரண்டாவது வாரம் அவர் என்னிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு 25 கிலோ பையில உங்களுக்கு இப்படி ஆயிருச்சு. உங்க மண்டியில தினம் மூட்டை தூக்குறவங்களுக்கு முதுகு எப்படி இருக்குங்க ஐயா?"

எனக்குப் பதில் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். 2019இல், எங்கள் மண்டியில் 22 வருடமாகச் சுமை தூக்கிய ஒருவர் ஒரு நாள் காலையில் வந்து, "மொதலாளி, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கொஞ்ச நாளைக்குத் தூக்குற வேலை வேண்டாம், கீழ வேலை எதாவது குடுங்க" என்றார். சீசன் நேரம். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நினைத்து, எல்லோர் முன்னிலையிலும், "நடிக்காதே" என்று சொல்லிவிட்டேன். அடுத்த 11 நாளும் அவர் முடிந்த அளவு வந்தார். நான் அரைக்கூலிதான் போட்டேன். பிறகு அவர் வரவில்லை. நானும் தேடவில்லை. என் முதுகு பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தபோதுதான் அந்த 11 நாள் கணக்கு நினைவுக்கு வந்தது.

இந்த நேரத்தில் சென்னையில் இருக்கும் என் மகள் போன் செய்து, "அப்பா, முதுகுக்கு பிலாட்டிஸ் நல்லது. நான் போகும் வகுப்பிலேயே பணம் கட்டிவிடுகிறேன், இங்கே வந்து இருங்கள்" என்றாள். கட்டணத்தை விசாரித்தேன். எங்கள் கணக்கப்பிள்ளையின் மாதச் சம்பளத்தில் பாதி வந்தது. எனக்குச் சந்தேகம். ஏனென்றால் 1980 வாக்கில் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, மூன்றே மாதத்தில் பயில்வான் ஆகலாம் என்று நம்பி, வி.பி.பி.யில் ஒரு ஸ்பிரிங் கருவி வரவழைத்தவன் நான். அது இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பிலாட்டிஸிலும் ஸ்பிரிங் உண்டு என்று மகள் சொன்னவுடன் அந்தப் பரண்தான் கண் முன் வந்தது. அதனால் பணம் கட்டுமுன் விசாரிக்கத் தொடங்கினேன்.

சரக்கின் பூர்வீகம்

பிலாட்டிஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டிஸ் 1883ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜெர்மனியில் மோன்செங்லாட்பாக் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதில் நோஞ்சான் பிள்ளை, ஆஸ்துமா முதலிய தொல்லைகள் இருந்தன என்று அவரது வரலாற்றில் கூறப்படுகிறது. உடலைத் தேற்றுவதற்காக ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று பலவற்றையும் பழகினார். முதல் உலகப் போருக்கு முன்பு இங்கிலாந்துக்குப் போனார். 1914இல் போர் தொடங்கியதும், எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது. ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த முகாமில் போர் முடியும் வரை இருந்தார். அங்கே கையில் கருவி ஏதும் இல்லாமல், தரையில் படுத்தும் உட்கார்ந்தும் செய்யும் பயிற்சிகளை உடன் இருந்தவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். படுக்கையில் கிடந்த நோயாளிகளுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங்குகளைக் கட்டிக் கை கால்களை இயக்க வைத்தார் என்றும், பிற்காலத்து இயந்திரங்களுக்கு அதுவே மூலம் என்றும் சொல்வார்கள்.

1926இல் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நியூயார்க் நகரில் எட்டாவது அவென்யூவில், தம் துணைவி கிளாராவுடன் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் கான்ட்ராலஜி. மனத்தின் கட்டுப்பாட்டில் தசைகளை இயக்கும் கலை என்பது அதன் கருத்து. நடனக் கலைஞர்கள் காலிலும் இடுப்பிலும் அடிபட்டால் அவரிடம் வந்து தேறினார்கள். புகழ்பெற்ற நடன ஆசிரியர்களான ஜார்ஜ் பாலன்சீன், மார்த்தா கிரஹாம் ஆகியோரின் வட்டத்தினர் அவருடைய வாடிக்கையாளர்கள். 1945இல் வெளியிட்ட புத்தகத்தில் தரைப் பயிற்சிகள் 34ஐ அவர் விளக்கினார். 1967இல் தமது 83ஆம் வயதில் காலமானார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது வயது. இந்த முறை நூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி காலம் நடனக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல், சிறு அளவில் விற்ற சரக்கு இது. ஒரே சீசனில் வந்து போகும் பண்டத்துக்கு இந்த ஆயுள் இருக்காது.

அப்படியானால் திடீரென்று எல்லோரும் பேசுவது ஏன்? அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. 1990களில் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகுவலிக்காரர்களுக்கு வயிற்றின் உள்ளடுக்குத் தசை உரிய நேரத்தில் இறுகாமல் தாமதிக்கிறது என்று கண்டு 1996இல் வெளியிட்டார்கள். உடனே உலகம் முழுவதும் பிசியோதெரபி துறையில் உள்தசை, உள்வலிமை என்ற பேச்சு பரவியது. பிலாட்டிஸ் முறை ஏற்கெனவே அந்த இடத்தைத்தான் பயிற்றியது. ஆகவே அதற்கு மவுசு வந்தது. இரண்டாவது காரணம் ஒரு வழக்கு. அது நம்மைப் போன்ற வணிகர்கள் தனியாகப் படிக்க வேண்டிய பாடம்.

முத்திரை போன பெயர்

பிலாட்டிஸ் என்ற பெயரை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருந்தது. எங்கள் அனுமதி இல்லாமல் யாரும் இந்தப் பெயரில் வகுப்பு நடத்தக்கூடாது, கருவி விற்கக்கூடாது என்று பலருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு கருவி தயாரிப்பாளர் மீது போட்ட வழக்கில், 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோகா, கராத்தே என்பதைப் போல பிலாட்டிஸ் என்பதும் ஒரு பயிற்சி முறையின் பொதுப் பெயர் ஆகிவிட்டது, அதற்குத் தனி உரிமை கிடையாது என்று கூறிப் பதிவை ரத்து செய்தது.

அன்று முதல் யார் வேண்டுமானாலும் பிலாட்டிஸ் என்று பலகை மாட்டலாம். கடைகள் பெருகின, விளம்பரம் பெருகியது. வாங்குகிறவருக்கு இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. போட்டியால் கட்டணம் குறையலாம், சிற்றூருக்கும் வரலாம். ஆனால் பலகையைப் பார்த்துத் தரத்தை நம்ப முடியாது. அக்மார்க் இல்லாத மிளகாய்த்தூள் போல. நல்லதும் இருக்கும், செங்கல் பொடி கலந்ததும் இருக்கும். முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் படித்துத் தேறிய பயிற்சியாளரும் பிலாட்டிஸ் ஆசிரியர்தான், வார இறுதியில் ஒரு சான்றிதழ் வாங்கியவரும் பிலாட்டிஸ் ஆசிரியர்தான்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

இந்தப் பயிற்சியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தரையில் விரிப்பு போட்டுச் செய்வது. மற்றொன்று ரிஃபார்மர் என்ற கருவியில் செய்வது. கட்டில் போன்ற சட்டத்தில் நகரும் பலகை ஒன்று இருக்கும். அதை ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்கும். படுத்துக்கொண்டு காலாலோ கையாலோ பலகையைத் தள்ள வேண்டும். சென்னையில் மகள் போன வகுப்பு இந்த வகை. கருவி விலையும் இடவாடகையும் சேர்வதால்தான் கட்டணம் ஏறுகிறது.

எந்த வகையானாலும் அடிப்படை ஒன்றே. நமது உடலின் நடுப்பகுதியை ஒரு தகர டின்னாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மூடி உதரவிதானம், அடிமூடி இடுப்புக்கூட்டின் தரைத்தசை, முன்பக்கமும் பக்கவாட்டும் வயிற்றுத் தசைகள், பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள். டின் நெளியாமல் இருந்தால் மேலே எத்தனை டின் அடுக்கினாலும் தாங்கும். நெளிந்த டின்னை அடியில் வைத்தால் அட்டி சரியும். இந்த நடுப்பகுதியை உறுதியாக வைத்துக்கொண்டு, மூச்சை ஒழுங்காக விட்டு, கை கால்களை மெதுவாகவும் பிசகில்லாமலும் அசைப்பதே பிலாட்டிஸ். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் செய்வது சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

அவரது 34 பயிற்சிகளில் முதலாவது, மல்லாந்து படுத்துத் தலையையும் கால்களையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் 100 முறை அசைப்பது. கடைசியானது நம் தண்டாலுக்கு நெருங்கிய உறவு. அதைப் படித்தபோது, கடல் தாண்டி வந்த மூட்டைக்குள் நம் ஊர்ச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பூனை, பாம்பு நிலைகளில் முதுகை வளைப்பது, மூச்சோடு அசைவைச் சேர்ப்பது ஆகியவற்றில் யோகாசனத்தின் சாயலும் உண்டு. ஆசனத்தில் ஒரு நிலையில் நிற்பது அதிகம். இதில் அசைந்துகொண்டே இருப்பது அதிகம். ஆகவே முறையாக ஆசனம் பழகி வருகிறவர்கள், நாம் எதையோ இழந்துவிட்டோம் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

வாங்கியவர்கள் சொல்வது என்ன?

விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். காக்ரேன் என்பது பல நாட்டு மருத்துவ ஆய்வுகளைச் சலித்து, புடைத்து, நெல் எது பதர் எது என்று சொல்லும் அமைப்பு. 2015இல் அது பிலாட்டிஸையும் இடுப்புவலியையும் பற்றி ஆராய்ந்தது. 10 சோதனைகள், 510 நோயாளிகள். ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களைவிட பிலாட்டிஸ் செய்தவர்களுக்கு வலி குறைகிறது, வேலை செய்யும் திறன் கூடுகிறது என்று கண்டது. ஆனால் சான்றின் தரம் நடுத்தரம் அல்லது அதற்கும் கீழ் என்றும், மற்ற உடற்பயிற்சிகளைவிட பிலாட்டிஸ் உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்தே எழுதியது.

2021இல் வேறொரு ஆய்வுக்குழு, நாள்பட்ட இடுப்புவலிக்கான 200க்கும் மேற்பட்ட பயிற்சிச் சோதனைகளை ஒன்று சேர்த்து ஒப்பிட்டது. அதில் பிலாட்டிஸ் மற்றப் பல பயிற்சிகளைவிடச் சற்று முன்னால் நின்றது. ஆஸ்திரேலிய அரசோ, போதிய சான்று இல்லை என்று 2019 ஏப்ரலில் பிலாட்டிஸ், யோகா உள்ளிட்ட 16 முறைகளுக்குத் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையை நிறுத்தியது. அதே ஆண்டிலேயே அவற்றை மறுபடி ஆராயவும் முடிவு செய்தது. ஆக, அறிஞர்களிடையே தராசு முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்து ஆடுகிறது என்பது தெரிகிறது.

நம் தொழிலுக்கு இதைவிட முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. வலி வந்த பிறகு பார்ப்பது இருக்கட்டும், வராமல் தடுப்பது எது என்று 2016இல் ஒரு குழு 21 சோதனைகளை, 30,850 பேரை வைத்துக் கணக்கிட்டது. உடற்பயிற்சியும் விளக்கக் கல்வியும் சேர்ந்தால் வலி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் குறைகிறது. உடற்பயிற்சி மட்டும் என்றால் ஏறக்குறைய 35 சதவீதம். வெறும் விளக்கம் மட்டும் பயன் தரவில்லை. இடுப்பில் கட்டும் பெல்ட்டும் தடுப்பதாகத் தெரியவில்லை. நம்மில் பலர் சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். நானும் வாங்கிக் கொடுத்தவன்தான்.

இதில் கிடைக்காதவை

எந்தச் சரக்கானாலும் அது செய்யாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிலாட்டிஸ் மெதுவான பயிற்சி. உடல் எடையை அதிகம் குறைக்கும் என்று நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் வேண்டிய மூச்சு வாங்கும் பயிற்சி இதில் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சியும், வாரம் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. 65 வயது கடந்தவர்கள் விழாமல் இருக்க, வாரம் மூன்று நாள் உடல் சமநிலைப் பயிற்சியும் சேர்க்கச் சொல்கிறது. இதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பிலாட்டிஸ் உதவும். முதலாவதுக்கு நடைதான். கல்லாவில் காலை முதல் இரவு வரை உட்காரும் நமக்கு, காசில்லாமல் கிடைக்கும் நடையை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வேறொன்றை மட்டும் வாங்குவது நஷ்டக் கணக்கு.

எச்சரிக்கை வேண்டியவர்களும் உண்டு. எலும்புத் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னவர்கள் முதுகை உருட்டி முன்புறம் வளைக்கும் பயிற்சிகளைச் செய்யக்கூடாது, எலும்பு நொறுங்க இடமுண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கக்கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. முதுகுவலியோடு கால் மரத்துப் போதல், காலில் பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போதல், காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைத்தல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்க மூன்று

நான் கடைசியில் சென்னை வகுப்பில் சேரவில்லை. பிசியோதெரபி கொடுத்தவரே, "கருவி கட்டாயம் இல்லைங்க ஐயா, பாயே போதும்" என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தார். வலி அடங்கிய பிறகு நான் தினம் செய்பவற்றில் எளிய மூன்றை எழுதுகிறேன். வலி இருப்பவர்கள் நேரில் ஒருவரிடம் பழகிய பிறகே செய்யவும்.

1. மூச்சுப் பழக்கம்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றவும். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுக்கவும். 10 முறை.

2. பாலம்: அதே நிலையில், மூச்சை விட்டபடி இடுப்பை மெதுவாகத் தூக்கவும். தோள் முதல் முழங்கால் வரை ஒரே சரிவாக இருக்கட்டும். மெதுவாக இறக்கவும். 8 முதல் 10 முறை.

3. எதிர்க்கை எதிர்க்கால்: குழந்தை தவழும் நிலையில் இருந்து, வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டி 5 எண்ணும் வரை நிறுத்தவும். முதுகு பலகை போல ஆடாமல் இருக்க வேண்டும். பிறகு மறுபக்கம். பக்கத்துக்கு 8 முறை.

மொத்தம் பத்து நிமிடம். இதில் மூன்றாவது, பிலாட்டிஸ் எழுதிய 34இல் உள்ளபடியே அல்ல, இன்றைய வகுப்புகளிலும் பிசியோதெரபியிலும் பழக்கத்தில் உள்ளது. எனக்கு வித்தியாசம் தெரிய ஆறு வாரம் ஆயிற்று. மூன்றாம் மாதத்தில் வேட்டி கட்டும்போது சுவரைப் பிடிக்காமல் நின்றேன்.

பணம் கட்டி வகுப்பில் சேர விரும்புகிறவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். பயிற்சியாளர் எங்கே, எவ்வளவு காலம் படித்தார்? சேருமுன் நம் நோய், வயது, பழைய அடி ஆகியவற்றை விசாரிக்கிறாரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர், நம்மைத் தனியாகக் கவனித்துத் திருத்த நேரம் உண்டா? ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறாரா, மாதா மாதம் கட்டலாமா? மாதிரி பார்க்காமல் ஒரு லோடு சரக்குக்கும் முன்பணம் கொடுத்துவிடும் வியாபாரியை நாம் என்னவென்று சொல்வோமோ, அதையே இங்கும் சொல்ல வேண்டும். உங்களுக்கு யாரும் சொல்லாமல் பயிற்சி நடக்காது என்றால், கட்டணம் கொடுத்தாவது சேருவது நல்லதுதான். பாயை விரித்துத் தானே செய்கிறவருக்கு அந்தச் செலவு மிச்சம்.

தீர்ப்பு

நம் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பிலாட்டிஸ் பயிற்சி நிலையான சரக்கு. நூறு ஆண்டு நின்றிருக்கிறது, இடுப்புவலிக்குப் பயன் தருவதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிய மினுக்கு, தனி உடை, சினிமா நட்சத்திரங்களின் படம், இது ஒன்றே போதும் என்ற பேச்சு, இவையெல்லாம் சீசன் சரக்கு. அவருடைய மருமகள் ஒழுங்காகப் போய்வந்து உடல் தேறுகிறாள் என்றால் அந்தப் பணம் வீண் அல்ல. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டால், அது என் பரண் மேல் இருக்கும் ஸ்பிரிங்குக்குத் துணையாகப் போய்ச் சேரும்.

இனி, நம் கடைக்கு. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் 100 கிலோ மூட்டை முதுகில் ஏறியது. இன்று 50 கிலோ, 25 கிலோ வந்துவிட்டது. அது ஒன்றே பல முதுகுகளைக் காத்திருக்கும். முடிந்தவரை சிறிய சிப்பமாகக் கேட்டு வாங்குவோம். தள்ளுவண்டி வைப்போம். கனமான சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்குவோம். கல்லாவில் இருப்பவர்கள் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடப்போம்.

எங்கள் மண்டியில் லோடு இறக்கத் தொடங்குமுன் பத்து நிமிடம் எல்லோரும் பயிற்சி செய்கிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி உண்டு. ஆரம்பத்தில் வெட்கப்பட்டுச் சிரித்தவர்கள், நானும் பாயில் இறங்கியதும் சிரிப்பை நிறுத்தினார்கள். போன வருடம் முதுகுவலி என்று விடுப்பு கேட்டவர்கள் இருந்தார்கள். விசாரிக்காமல் ஒருவரையும் நான் ஒரு சொல் சொல்லவில்லை.

2023 தை மாதம், நன்றாக நடக்க முடிந்த பிறகு, அந்தப் பழைய தொழிலாளியின் வீட்டைத் தேடிப் போனேன். 11 நாளின் பாக்கிக் கூலியைத் தட்டில் வைத்துக் கொடுத்து, நான் சொன்ன சொல் தவறு என்றேன். அவர், "அத விடுங்க மொதலாளி, இப்ப உங்களுக்கு இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவரை அதே பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போனேன். நான்கு வருடம் தாமதம். முழுவதும் குணமாகவில்லை. குனிந்தால் இன்னும் வலிக்கிறது என்கிறார். ஆனால் இப்போது எங்கள் மண்டியில் தராசுப் பக்கம் உட்கார்ந்து எடை எழுதுகிறார், காலையில் பாய் விரிக்கும் பொறுப்பும் அவருடையதுதான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம் சுவரையும், நமக்காகச் சுமக்கிறவர்களின் சுவரையும் சேர்த்துக் காப்போம்.